வீட்டில் கற்ற கணக்கு: மாகாணி வாய்ப்பாட்டிலிருந்து தாராவி வரை

1826ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிப் பகுதியின் கல்வி நிலை குறித்து ஒரு குறிப்பு எழுதினார். 1822இல் அவர் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டிருந்த பள்ளிக் கணக்கெடுப்பின் முடிவுகள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன. பள்ளிகளின் எண்ணிக்கைக்காகவே இக்கணக்கெடுப்பு பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. சென்னை நகரில் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 5,500 பேர்; வீட்டிலேயே கற்றோர் ஏறத்தாழ 27,000 பேர். ஐந்து மடங்கு என்ற இந்தக் கணக்கில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் வீட்டில் கற்கும் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தே, கல்வி பெறும் ஆண் குழந்தைகள் நால்வரில் ஒருவர் என்பதைவிட மூவரில் ஒருவர் என்பதே பொருத்தம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இன்று மும்பையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்கு எந்தக் கணிதப் பாடத்திட்டத்தைத் தேர்வது என்பதாகும். இக்கேள்வி புதியதாகத் தோன்றினாலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வீட்டுக் கணக்கு எவ்வாறு பள்ளிக் கணக்கிலிருந்து பிரிந்தது, பிரிந்தபோது எதை இழந்தது, அந்த இழப்பு யாரை எவ்வளவு பாதித்தது என்பவற்றை அறிந்தால் இன்றைய தேர்வும் சற்றுத் தெளிவாகும். அவ்வரலாற்றின் பிற்பகுதி மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று இடங்களையும் தொட்டுச் செல்கிறது.

திண்ணைப் பள்ளியிலும் வீட்டிலும் கற்பிக்கப்பட்ட கணக்குக்கு ஒரு பாடத்திட்டம் இருந்தது. முதலில் பொன்னிலக்கம்: எண்களும் பின்னங்களும் அவற்றின் கூட்டல் வரிசையும். அடுத்து நெல்லிலக்கம்: செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்ற முகத்தலளவை. பின்னர் எண்சுவடி: முழு எண்களுக்கும் பின்னங்களுக்குமான பெருக்கல் வாய்ப்பாடுகள். நிலப்பரப்பைக் கணக்கிடக் குழிமாற்று. இந்த ஏட்டுச்சுவடிகளை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த தம் நூலில், இங்கு மனனம் என்பது பொருளறியாமல் ஒப்பிப்பது அன்று, கணக்குச் செய்வதற்கான ஒரு முறை என்று வாதிடுகிறார்.

பின்னங்களின் பெயர்களைப் பார்த்தாலே இவ்வாதத்தின் வலு புலப்படும். முந்திரி என்பது 1/320. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 1/80. நான்கு காணி ஒரு மா, அதாவது 1/20. ஐந்து மா சேர்ந்தால் கால். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது மாகாணி, அதாவது 1/16. பெயரே ஒரு கூட்டல் கணக்கு. இன்றைய பள்ளியில் குழந்தை மூன்றாம் நான்காம் வகுப்பில் தயக்கத்துடன் சந்திக்கும் பின்னத்தை, அன்றைய குழந்தை முழு எண்ணோடு சேர்த்தே கற்றது. அளந்த நெல்லும் பகிர்ந்த கூலியும் முழு எண்களில் மட்டும் வரவில்லை என்பதே அதற்குக் காரணம். பாடத்திட்டத்தின் வரிசையை ஊரின் அளவைகளே வகுத்திருந்தன.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும், மிகப் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் எண்சுவடி எட்டவில்லை. நெல்லை விளைவித்தவரின் கூலியைக் கலத்திலும் மரக்காலிலும் அளந்தவர் வேறொருவர். அந்த அளவைச் சரிபார்க்கும் வாய்ப்பாடு விளைவித்தவரின் வீட்டில் இல்லை. வீட்டுக் கணக்கு அறிவாக இருந்த அதே வேளையில் அதிகாரமாகவும் இருந்தது. இந்தச் செய்தியை மறந்தால், பின்னால் தாராவியைப் புரிந்துகொள்ள இயலாது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வமைப்பு இரு வழிகளில் மாறியது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மணலெழுத்தையும், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. திண்ணையின் கற்பிக்கும் முறை கடல் கடந்தது. அதன் கணக்கு கடக்கவில்லை. மறுதிசையில் ஐரோப்பிய எண்கணித நூல்கள் இந்திய மொழிகளுக்கு வந்தன. பம்பாயில் 1820களில் ஜார்ஜ் ஜெர்விஸ் ஆங்கிலக் கணித நூல்களை மராத்தியிலும் குஜராத்தியிலும் ஆக்கினார். மராத்தியிலும் பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி எனக் கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை ஆகியவற்றுக்குத் தனி வாய்ப்பாடுகள் வழங்கின. தமிழ் எண்சுவடியின் உறவுமுறையே அது. அச்சுப் பாடநூல், ஆய்வாளரின் வருகை, தேர்வு ஆகிய மூன்றும் நிலைபெற்றபின், இவ்வாய்ப்பாடுகள் பாடத்திட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தன. அவை வீட்டுப் பெரியவர்களின் நினைவில் தங்கின.

இத்தகைய பம்பாய்க்குத்தான் தமிழர் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தனர். அவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் மிகுதி. தாராவியின் முதல் பள்ளியாகக் கருதப்படும் தமிழ்ப் பள்ளி 1924இல் கட்டப்பட்டது. திண்ணை மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அதன் கரும்பலகை எத்தகைய பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மாட்டுங்காவுக்கு வந்தோர் வேறு வகையினர். அலுவலகக் குமாஸ்தாக்கள், கணக்கர்கள், சுருக்கெழுத்தாளர்கள் ஆகியோரைக் கொண்ட நடுத்தர வர்க்கம் அங்கே குடியேறியது; 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தோன்றியது. விடுதலைக்குப் பிறகு டிராம்பேயில் அணுசக்தி நிறுவனமும் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தபோது, படித்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரை நிரப்பின. மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. எண்ணோடு அவை கொண்ட உறவு மட்டும் வெவ்வேறு: ஓரிடத்தில் தோலின் சதுர அடியும் கூலியும், ஓரிடத்தில் பேரேடு, ஓரிடத்தில் பொறியியல்.

இம்மூன்றுக்கும் பொதுவாக இருந்த ஒரு கருவி நாணயம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு மாகாணி. காலும் அரைக்காலும் மாகாணியும் சேர்ந்தால் 7 அணா. கலம் நெல் 3 ரூபாய் என்றால், 12 குறுணி ஒரு கலமாதலால், குறுணி 4 அணா. ஏட்டுச்சுவடியை ஒருபோதும் காணாத ஒருவரும், சந்தையில் காசை எண்ணும்போது அதன் உட்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசா ஆனது. 1958 முதல் மெட்ரிக் எடையும் அளவும் படிப்படியாக வந்தன. அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைப் பைசாவாகவும், மாகாணி ரூபாய் ஆறேகால் பைசாவாகவும் மாறின.

தசம முறை எளிமையானது, நாடு முழுவதற்கும் பொதுவானது. அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அதன் ஒரு விளைவு பதிவு செய்யத்தக்கது. பேரக்குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தரும் தகுதியை ஒரு தலைமுறைப் பெரியவர்கள் சில ஆண்டுகளில் இழந்தனர். நாலணா, எட்டணா என்ற சொற்கள் 25 பைசாவுக்கும் 50 பைசாவுக்கும் ஆகுபெயராய் நின்றன. அவற்றின் பின்னாலிருந்த வாய்ப்பாடு போய்விட்டது. கணக்கு என்பது பள்ளியில் மட்டுமே கிடைப்பது என்ற எண்ணம் வீடுகளில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உண்மையில் வீட்டுக் கணக்கு எங்கும் போய்விடவில்லை என்பதை ஆய்வுகள் பின்னர் காட்டின. 1985இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்களை டெரெசினா கராஹேரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாக வந்தது. அதே எண்கள் வெறும் கூட்டல் பெருக்கலாகத் தாளில் வந்தபோது 37 சதவீதமே சரி. 35 க்ருசேரோ விலையுள்ள இளநீர் பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் மும்மூன்றாக எண்ணி, 105, 210, 315 எனச் சென்று, கடைசி ஒன்றைச் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவில்லை.

மும்பையிலும் இதற்கு இணையான ஆய்வு நடந்தது. 1974இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாகத் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், இப்போது செம்பூரை அடுத்த மான்குர்டில் இயங்குகிறது. அம்மையத்தின் கே. சுப்பிரமணியமும் அரிந்தம் போஸும், மத்திய மும்பையில் சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த ஓர் எளியோர் குடியிருப்பில், மாநகராட்சிப் பள்ளிகளின் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடையே ஆய்வு செய்தனர். வீட்டுத் தொழிலிலும் கடையிலும் பங்கேற்ற பிள்ளைகள் காசு, விகிதம், பலவகை அளவைகள் ஆகியவற்றில் பள்ளி கற்பிக்காத அறிவைப் பெற்றிருந்தனர். அந்த அறிவு துண்டு துண்டாகவும் இருந்தது. ஒவ்வொருவரும் தம் வேலைக்கு வேண்டிய அளவே அறிந்திருந்தனர். அவர்கள் அறிந்ததைப் பள்ளி கேட்கவில்லை. பள்ளி கேட்டதை அவர்கள் தம் வேலையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

2025இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் இதையே கண்டது. அதன் மறுபக்கமும் அதில் இடம்பெற்றது: வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் தேர்ந்தும் சந்தைக் கணக்கில் தடுமாறினர். இழப்பு இரு தரப்புக்கும் உரியது.

மாவரைக்கும் கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பல வீடுகளின் வழக்கம். விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருவில் விற்கும் தாராவிக் குடும்பத்தில் 10 கிலோ அரிசிக்கு இரண்டரைக் கிலோ உளுந்து என்பது பிழைப்பு. அந்த வீட்டுக் குழந்தை விகிதத்தைக் கையால் அறிந்து, ஏட்டில் காணும்போது அடையாளம் தெரியாமல் நிற்கக்கூடும். மாட்டுங்காவில் கடையில் மாவு வாங்கும் வீட்டுக் குழந்தை ஏட்டில் விகிதத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, அது அடுக்களையில் இருப்பதை அறியாமல் வளரக்கூடும்.

இந்தப் பின்னணியில் இன்று வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களின் முன்னுள்ள பாடத்திட்டங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்தின் சிக்கலுக்குக் கிடைத்த விடை. ஜப்பானில் 1954இல் டோரு குமோன் என்னும் பள்ளி ஆசிரியர் இரண்டாம் வகுப்பில் பயின்ற தம் மகனுக்காகக் கையால் எழுதிய பயிற்சித் தாள்களே பின்னர் உலகளாவிய நிறுவனமாயின. சிங்கப்பூர் அரசு 1980களின் தொடக்கத்தில் தன் பள்ளிகளுக்காக உருவாக்கிய தொடக்கக் கணித நூல்கள், பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் செல்பவை. 1995இல் நடந்த பன்னாட்டு ஒப்பீட்டில் அந்நாடு முதலிடம் பெற்றபின், அமெரிக்க வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் அவற்றை விரும்பி வாங்கின. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஒற்றை மணி, பத்து மணிக்கோவை, நூற்றின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம் என அவரது பொன்மணிகள் இடமதிப்பைக் கையில் எடுத்துக் கொடுக்கின்றன. 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் கணிதக் குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் இரா. இராமானுஜம் தலைமை தாங்கினார். அச்சட்டகத்தைத் தொடர்ந்து வந்த ‘மேத் மேஜிக்’ நூல்களில் நான்காம் வகுப்புக்கான ஒரு பாடம், பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு பெண்ணின் தொழிலையே கணக்காக்கியது. மறுசுழற்சிக் கூடங்கள் நிறைந்த தாராவிக்கு இதைவிட நெருக்கமான பாடம் அரிது.

இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவுக்கு வரலாறு நேரடி விடை தருவதில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. முதல் கேள்வி, இப்பாடத்திட்டம் வீட்டில் எண்ணப்படும், அளக்கப்படும், பங்கிடப்படும் எதையாவது உள்ளே அனுமதிக்கிறதா என்பது. இரண்டாவது, அவ்வாறு நுழைந்ததை எழுத்துக் கணக்காக, பிற இடங்களிலும் பயன்படும் கணக்காக மாற்றும் படிகள் அதில் உண்டா என்பது. எண்சுவடி முதல் கேள்வியில் தேறியது. பயிற்சித் தாள்கள் இரண்டாவதில் தேறக்கூடும். இரண்டிலும் தேறுவது நூலாக மட்டும் இருக்க இயலாது. அருகில் அமர்ந்து இரண்டையும் இணைக்கும் ஒருவர் வேண்டும்.

மூன்றாவது ஒரு கேள்வியும் உண்டு, மொழி பற்றியது. 2019இல் மகாராஷ்டிரத்தின் இரண்டாம் வகுப்புக் கணித நூல், 25ஐக் குறிக்கும் ‘பஞ்ச்வீஸ்’ என்பதோடு ‘வீஸ் பாச்’ என்ற வடிவத்தையும் அறிமுகப்படுத்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. கணிதவியலாளர் மங்களா நார்ளிகர் தலைமையிலான குழு, எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றாக இருந்தால் குழந்தைக்கு எளிது என்று விளக்கியது. தமிழில் அவ்வாறே உள்ளது: இருபத்தைந்து. தொண்ணூறும் தொள்ளாயிரமும் முறை மாறி நிற்பவை. ஏனையவை பெரும்பாலும் இடமதிப்பைச் சொல்லிலேயே காட்டுபவை. ஆங்கிலப் பாடத்திட்டத்தை வாங்கும் மும்பைத் தமிழ்க் குடும்பம், ‘இலெவன்’, ‘ட்வெல்வ்’ என்று தொடங்குமுன் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ண வைத்தால் செலவின்றி ஒரு கருவியைப் பெறுகிறது. அக்கருவி தாராவியில் தமிழ் பேசும் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது.

ஆயினும் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா வீடுகளிலும் இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியை உரிமையாக்கியது; வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அது பேசவில்லை. அந்த இடைவெளியில், திறந்தநிலைப் பள்ளித் தேர்வுகளின் துணையோடு சில குடும்பங்கள் தம் வழியை அமைத்துக்கொண்டன. 2016இல், பள்ளியை இடையில் விட்டு வீட்டில் பயின்ற மும்பை மாணவி ஒருவர், கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் வழியே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்றது நாடெங்கும் செய்தியானது. அவருக்கு அது உரிய பெருமையே.

அதே நகரில், வீட்டுத் தொழிலுக்கு உதவியபடி விகிதமும் பின்னமும் கற்கும் தாராவிக் குழந்தை பள்ளிக்கு வராவிட்டால், பதிவேட்டில் அதன் பெயர் ‘இடைநின்றவர்’. குழந்தை உழைப்பை நியாயப்படுத்துவதற்காக இவ்வேறுபாடு இங்கே சுட்டப்படவில்லை; அக்குழந்தையின் இடம் பள்ளியே. ஆனால் பள்ளிக்கு வரும்போது அது வெறுங்கையோடு வருவதாகக் கருதுவது பிழை. ஒரு வீட்டில் நடந்தால் கல்வி, மற்றொரு வீட்டில் நடந்தால் குறை என்று பெயரிடும் வழக்கம் திண்ணைக் காலத்திலிருந்தே தொடர்கிறது.

மன்றோவின் குறிப்பு வீட்டில் கற்றோரின் தொகையைக் கணக்கில் சேர்த்தது. அவ்வீடுகள் எவை, அவற்றில் என்ன கற்பிக்கப்பட்டது என்று அது கேட்கவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாடத்திட்டம் தேடும் பெற்றோருக்கும், தாராவியின் மாநகராட்சிப் பள்ளியில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியருக்கும் அந்தக் கேள்வி பொதுவானது. நூலைத் திறக்குமுன், இந்தக் குழந்தையின் வீட்டில் எதை எண்ணுகிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று கேட்டறிவதே முதல் பாடம்.